ஒரு பேட்டரி, நான்கு சாக்கெட்: மழைக்காலத்துக்காக நான் செய்த யூ.எஸ்.பி பெட்டி

2019 ஆகஸ்ட் மழையை நீலகிரியில் மஞ்சூர், எமரால்டு பக்கத்து மக்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்கள் வீட்டுக்கு மேலே தேயிலைத் தோட்ட ஓரத்தில் நின்ற கற்பூர மரம் வேரோடு சாய்ந்தது. விழும்போது மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அடுத்த ஆறு நாள் எங்கள் வரிசை வீடுகளில் மின்சாரம் இல்லை.

பைக்காராவில் 1932லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. குந்தா நீர்மின் நிலையங்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் எங்கள் வீட்டு பல்புக்கு வந்து சேரும் கடைசி அரை மைல், கற்பூர மரங்களுக்கும் சீகை மரங்களுக்கும் நடுவில்தான் வருகிறது. அதனால் ஆடி, ஆவணி மாதங்களில் இருட்டுக்குத் தயாராக இருப்பது எங்களுக்கு விறகு அடுக்கி வைப்பது போன்ற வேலை. அந்த ஆண்டு நாங்கள் தயாராக இல்லை.

வீட்டில் இருந்தவை இவைதாம். தேயிலைக்கு மருந்து தெளிக்கும் இயந்திரத்தின் பேட்டரி, 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி. கொழுந்தனின் பழைய ஜீப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த லைட்டர் சாக்கெட். அதில் செருகும் கார் சார்ஜர். அதற்கு ஒரே ஒரு யூ.எஸ்.பி துளை. அந்த ஒற்றைத் துளைக்காக என் ஃபோன், கணவரின் ஃபோன், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பட்டன் ஃபோன், ஒரு சிறிய எல்.இ.டி விளக்கு என்று நான்கு காத்திருந்தன. விளக்கை எரிய விட்டால் ஃபோன் ஏறாது. ஃபோனைச் செருகினால் இருட்டில் உட்கார வேண்டும். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தான். சாலை துண்டிக்கப்பட்ட செய்தி கேட்டு அவன் பதறிக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும்.

நான் தையல் வேலை செய்பவள். கத்தரியும் கையும் எனக்குப் பழக்கம். மகன் கணினிக்கு வாங்கி விட்டுப்போன இரண்டு யூ.எஸ்.பி எக்ஸ்டென்ஷன் கேபிள்கள் அலமாரியில் கிடந்தன. அவற்றின் சாக்கெட் முனைகளை வெட்டி எடுத்துக்கொண்டேன். இன்னொரு பழைய கேபிளின் பிளக் முனையையும் வெட்டினேன். உறையைச் சீவியபோது உள்ளே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு கம்பிகள். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சையோடு பச்சை என்று முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றினேன். நிறம் பார்த்து இணைப்பதில் தவறு வர வழியில்லை என்று நினைத்தேன்.

முதலில் விளக்கைச் செருகினேன். எரிந்தது. பாட்டியின் ஃபோனை இன்னொன்றில் செருகினேன். அதுவும் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து பாட்டி ஃபோனைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் என் ஃபோனைச் செருகினேன். இரண்டு மூன்று நொடிதான் ஆகியிருக்கும். விளக்கு திடீரென்று பளீரென வெளுத்தது. அறை முழுவதும், சுவரில் தொங்கிய ஜாக்கெட் அளவுத் தாள்கள் வரை, நிழல் இல்லாமல் தெரிந்தது. பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். விளக்கு அதன்பின் எரியவில்லை. என் ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டியின் ஃபோன் அந்த நேரத்தில் அதில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அவர் மகள் திருப்பூரில் இருக்கிறாள். அந்த ஃபோன் ஒன்றுதான் அவர்களுக்குள் இருந்த வழி.

சாலை திறந்ததும் ஊட்டியில் செல்போன் பழுது பார்க்கும் என் கொழுந்தன் வந்தார். கருகிய விளக்கையும் என் முடிச்சுகளையும் மேசையில் வைத்தேன்.

"அண்ணி, நான்கு கம்பியையும் சேர்த்துவிட்டீர்களா?"

"ஆமாம் தம்பி. நிறம் பார்த்துத்தான் சேர்த்தேன்."

"நிறம் சரிதான். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். வெள்ளையும் பச்சையும் பேசுகிற கம்பிகள்."

அவர் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, என் ஃபோனைச் செருகி, அதே நிலையைத் திரும்பக் காட்டினார். செருகியதும் 5.1 என்று நின்ற எண் ஓரிரு நொடியில் 9க்கு ஏறியது. அந்த எண் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது.

யூ.எஸ்.பி கேபிளில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு அதன் திரும்பும் வழி. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கானவை. சாதாரண சார்ஜரில் அவற்றுக்கு அதிக வேலை இல்லை. ஆனால் வேகமாகச் சார்ஜ் செய்யும் வகைச் சார்ஜரும் அதற்கேற்ற ஃபோனும் இந்த இரு கம்பிகள் வழியாகத்தான் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. ஃபோன் அவற்றில் குறிப்பிட்ட சிறு வோல்ட்டேஜ்களை வைத்துக் காட்டும். சார்ஜர் அதைப் புரிந்துகொண்டு, சிவப்புக் கம்பியில் 5க்குப் பதிலாக 9 வோல்ட், சிலவற்றில் 12 வோல்ட் கூட அனுப்பும். கேட்ட ஃபோன் அதைத் தாங்கும். கேட்காத விளக்குக்கும் அதே சிவப்புக் கம்பியில் அதே 9 வோல்ட்தான் போகும். அந்த விளக்கில் வெள்ளை எல்.இ.டிகள் சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 2 வோல்ட்டை ஒரு சிறிய மின்தடை சுமக்கிறது. 9 வோல்ட் வந்தால் அதே மின்தடை 6 வோல்ட்டைச் சுமக்க வேண்டும். மின்னோட்டம் மூன்று மடங்காகிறது, மின்தடையில் எழும் சூடு ஒன்பது மடங்காகிறது. விளக்கு பளிச்சென்று எரிந்து செத்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. சார்ஜரிலிருந்து வரும் வெள்ளை, பச்சைக் கம்பிகளை எந்தச் சாக்கெட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். பிளக் பக்கத்தில் அவற்றை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, தனித்தனியாக டேப் சுற்றி மடக்கி வைத்துவிடுங்கள். அப்போது சார்ஜர் 5 வோல்ட்டிலேயே நிற்கும். கேபிள்களில் நிறத்தையும் முழுக்க நம்ப வேண்டாம். பிறகு நான் வெட்டிய ஒரு கேபிளில் நான்கு கம்பியும் வேறு நிறங்களில் இருந்தன. மீட்டர் வைத்து எது 5 வோல்ட் என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

மின்சாரம் திரும்பிய மறுவாரம் கொழுந்தன் தன் 25 வாட் சாலிடரிங் அயர்னை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இரண்டு துளையுள்ள கார் சார்ஜர் கடையில் கிடைக்கும், அதை வாங்கினாலும் வேலை நடக்கும். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எனக்கு நான்கு சாக்கெட் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல் வேண்டும், கெட்டால் நானே பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் செய்தேன்.

எலெக்ட்ரானிக் கடையில் யூ.எஸ்.பி பெண் சாக்கெட் நான்கு, துளையிட்ட வெற்றுப் பலகை ஒன்று, பாலிஃபியூஸ் (தானே அடைத்து, ஆறியதும் தானே திறக்கும் ஃபியூஸ்) நான்கு, கண்ணாடி ஃபியூஸ் ஒன்று அதன் பிடியோடு, 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி சிவப்பிலும் கறுப்பிலும் ஒரு மீட்டர் வீதம் வாங்கினேன். பெட்டிக்கு முதலில் பிஸ்கட் தகர டப்பாவை எடுத்தேன். கொழுந்தன் வேண்டாம் என்றார். உள்ளே ஒரு கம்பி விலகித் தகரத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பயணத்துக்கு வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா அளவாக இருந்தது.

கம்பியின் பருமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். நான் முதலில் வெட்டிய பழைய கேபிளின் உள்ளே சிவப்புக் கம்பியின் செம்பு ஊசி நூல் அளவுக்கு மெல்லியது. வெளியே உறை தடிமனாக இருந்ததால் அது தெரியவில்லை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அதே வகைக் கேபிளில் 1.2 ஆம்பியர் போகும்போது அளந்து பார்த்தோம். சார்ஜர் பக்கம் 5.1 வோல்ட், மறுமுனையில் 4.3. இடையில் காணாமல் போன 0.8 வோல்ட் கம்பியில் சூடாகக் கரைந்தது. மின்னோட்டம் போகவும் வரவும் இரு கம்பி என்பதால், கேபிளின் நீளத்தை இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும். நான்கு பேர் பங்கு ஒரே கம்பியில் போனால் இழப்பும் அதற்கேற்பக் கூடும், 4.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் பல ஃபோன்கள் ஏறுவதும் நிற்பதுமாகத் தடுமாறும். என் முதல் முடிச்சுகளைப் பிரித்தபோது சிவப்பு முடிச்சின் மேல் சுற்றிய டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது. முறுக்கி மட்டும் விட்ட இணைப்பின் சூடு அது.

புதிய கம்பியை முப்பது சென்டிமீட்டருக்கு மேல் விடவில்லை. இப்போது 2 ஆம்பியர் இழுக்கும்போதும் சாக்கெட்டில் 4.95 வோல்ட் நிற்கிறது.

பலகையின் நடுவே உறை நீக்கிய இரண்டு செம்புக் கம்பிகளை, தண்டவாளம் போல, ஒரு விரல் இடைவெளியில் ஓட்டினேன். ஒன்று 5 வோல்ட், இன்னொன்று கறுப்பு. நான்கு சாக்கெட்டுகளும் இந்த இரண்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. சாக்கெட்டில் நான்கு கால்கள் வரிசையாக இருக்கும். ஓரத்துக் கால்கள் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. எந்த ஓரம் 5 வோல்ட் என்பது சாக்கெட்டை மேலிருந்து பார்க்கும்போதும் கீழிருந்து பார்க்கும்போதும் மாறித் தெரியும். பற்றவைக்கும் முன் நல்ல கேபிள் ஒன்றைச் செருகி, இரு முனையும் இணைந்திருந்தால் மீட்டர் எழுப்பும் தொடர்ச்சி ஒலியில் ஒவ்வொரு காலையும் உறுதி செய்தேன். இதில் மாறினால் செருகிய பொருளுக்குத் தலைகீழாக மின்சாரம் போகும். அதற்கு மன்னிப்பு கிடையாது.

பற்றவைப்பது தையலைப் போலத்தான். துணியைச் சரியாகக் கூட்டிப் பிடிக்காமல் ஊசி ஓட்டினால் பிரிந்துவிடும். கம்பியைக் காலில் வளைத்து அசையாமல் நிறுத்திய பிறகு சூடு வைக்க வேண்டும். அயர்னின் முனை கம்பியையும் காலையும் சேர்த்துத் தொட வேண்டும். ஈயத்தைக் கம்பியின் மேல் வைத்து உருக்க வேண்டும், அயர்னின் மேல் உருக்கிச் சொட்ட விடக் கூடாது. சரியான இணைப்பு பளபளவென்று சரிந்து படியும். வெளுத்து, உருண்டையாக, சொரசொரப்பாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். என் முதல் ஆறு இணைப்புகள் அப்படித்தான் ஆயின. புகை போவதற்காக ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடுபனிக் காற்று நேராக அயர்னின் மேல் அடித்ததில் முனைக்குச் சூடு போதவில்லை. ஜன்னலைத் திறந்தே வைத்து, காற்று வரும் பக்கம் ஓர் அட்டையை நிறுத்தினேன். அதன்பின் ஈயம் ஓடியது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்பங்கரைக்குள் போகாதீர்கள்.

அடுத்தது பங்கீடு. என் சார்ஜர் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும். நான்கு பேரும் ஆளுக்கு ஒன்றரை கேட்டால் அதனால் முடியாது. இதற்கு அந்த நடுக் கால்கள் உதவுகின்றன. சாக்கெட்டின் இரண்டு தகவல் கால்களையும் அந்தச் சாக்கெட்டிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், ஃபோன் அதைச் சார்ஜர் என்று அறிந்து 1.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். யூ.எஸ்.பி சார்ஜிங் விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. இணைக்காமல் வெறுமனே விட்டால் பெரும்பாலான ஃபோன்கள் அடக்கமாக 0.5 ஆம்பியரோடு நின்றுகொள்ளும். நான் ஒரு சாக்கெட்டில் மட்டும் இணைத்தேன். அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். அவசரமான ஃபோன் அங்கே போகும். மற்ற இரண்டு சாக்கெட்டும் மெதுவானவை. நான்காவது எப்போதும் விளக்குக்கு. 1 வாட் விளக்கு 0.2 ஆம்பியர்தான் எடுக்கும். மொத்தம் 2.7. மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று ஆம்பியர் தராத சார்ஜராக இருந்தால் வேகமான சாக்கெட்டே வேண்டாம், எல்லாவற்றையும் மெதுவாக வையுங்கள்.

இதே பெட்டியைக் கணினியில் செருகக் கூடாது. பழைய யூ.எஸ்.பி 2 துளை 500 மில்லி ஆம்பியருக்கு மட்டும் ஆனது, யூ.எஸ்.பி 3 ஆனால் 900. அதேபோல, போதவில்லை என்று இன்னொரு சார்ஜரையும் அதே செம்புக் கம்பிகளில் சேர்க்கக் கூடாது. இரண்டின் வோல்ட்டேஜும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்காது. ஒன்று மற்றொன்றுக்குள் தள்ளும்.

ஒவ்வொரு சாக்கெட்டின் 5 வோல்ட் காலுக்கு முன்னும் ஒரு பாலிஃபியூஸ் வைத்தேன். பார்க்க மஞ்சள் வில்லை போல இருக்கும். அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் சூடாகித் தானே வழியை அடைத்துக்கொள்ளும். கேபிளைப் பிடுங்கி ஆறவிட்டால் மீண்டும் திறக்கும். வேகமான சாக்கெட்டுக்கு 1.6 ஆம்பியர், மற்றவற்றுக்கு 0.75. இதில் மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாலிஃபியூஸில் எழுதியிருக்கும் அளவு சமவெளியின் அறை வெப்பத்துக்கு ஏற்றது. சூட்டால் வேலை செய்யும் பொருள் என்பதால் குளிரில் அது தாமதமாகவே வழியை அடைக்கும்; எழுதியதை விட அதிகமாகவே விடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் சிறியதையே எடுங்கள்.

கண்ணாடி ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் சிவப்பு முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். ஈய அமில பேட்டரி சிறியதாக இருந்தாலும் ஷார்ட் ஆனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பெட்டி முழு அளவில் இழுத்தாலும் 12 வோல்ட் பக்கத்தில் 1.3 ஆம்பியர்தான் போகும் என்பதால் 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். இந்த ஒன்றை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேட்டரிக் கணக்கும் வீட்டுச் செலவுக் கணக்கு போலத்தான். 12ஐ 8ஆல் பெருக்கினால் 96 வாட்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 48. சார்ஜரில் 5 வோல்ட்டாக மாறும்போது போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 40. என் 4,000 மில்லி ஆம்பியர்-மணி ஃபோனைக் காலியிலிருந்து நிரப்ப ஏறத்தாழ 20 ஆகிறது. நாங்கள் இரண்டு ஃபோன்களையும் பாதிப் பாதி நிரப்புகிறோம்: 20. பாட்டியின் ஃபோனுக்கு 5. விளக்கு ஐந்து மணி நேரம்: 5. ஆக ஒரு நாளுக்கு 30. ஒரு பேட்டரி ஒரு நாளைத் தாண்டும், இரண்டு நாளை எட்டாது. குளிரில் அதன் கொள்ளளவு இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதனால் இப்போது இரண்டு பேட்டரி வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் ஓடும் இடத்துக்குக் கணவர் போகும்போது காலியானதை எடுத்துப்போய் ஏற்றிக்கொண்டு வருகிறார். காலியான பேட்டரியை அப்படியே மூலையில் போட்டுவைத்தால் சில வாரங்களில் அது பயனற்றுப் போய்விடும்.

முதல் ஆண்டு முடிந்து பெட்டியைத் திறந்தபோது செம்புக் கம்பிகளின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எங்கள் ஊர் மூடுபனி அலமாரிக்குள்ளும் நுழையும், தீப்பெட்டியே நமுத்துப்போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, ஈயம் வைத்த இடங்களின் மேலும் கம்பிகளின் மேலும் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு முறை பூசினேன். சாக்கெட்டின் உள்ளே படாமல் பூச வேண்டும். மழை நாளில் பூசினால் காய ஒரு முழு நாள் ஆகும். வெயில் தெரியும் நாளைப் பார்த்துச் செய்யுங்கள். டப்பாவின் அடியில் சிறிய துளைகள் இரண்டு போட்டேன், உள்ளே வியர்க்கும் நீர் வடிய. அதன்பின் களிம்பு வரவில்லை.

போன ஆடியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டாம் இரவு பாட்டியின் பேரன் தன் ஃபோனைக் கொண்டுவந்தான். அவன் கேபிளின் கழுத்து பிய்ந்து, உள்ளே கம்பி தெரிந்தது. நான் பார்க்கும் முன் செருகிவிட்டான். ஃபோன் ஏறவில்லை. விளக்கு ஒரு கணம் மங்கி, பழையபடி நின்றது. என் ஃபோன் ஏறிக்கொண்டே இருந்தது. டப்பாவின் அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தேன்; மூன்றாவது சாக்கெட்டின் வில்லை இருக்கும் இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. கேபிளை உருவி, கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, என்னிடமிருந்த கேபிளால் அவன் ஃபோனை அதே சாக்கெட்டில் செருகினேன். ஏறத் தொடங்கியது. பாட்டி அந்த வெளிச்சத்திலேயே உட்கார்ந்து திருப்பூருக்குப் பேசிக்கொண்டிருந்தார்.